சாமை மணியும் அறுமீனும்



சில மாதங்களுக்கு முன் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கோப்பில் போட மனம் வரவில்லை. திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். இரவு குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்ததும் பெரியவனுக்குக் கொட்டாவி வந்துவிடும். சின்னவளுக்குத் தண்ணீர் தவிக்கும். வீட்டுக்காரருக்குச் சரியாக அப்போதுதான் போன் வரும். எல்லோரையும் பத்து நிமிடம் உட்கார வைப்பதற்குள் தனக்கே கோபம் தலைக்கேறி, ஆமென் சொல்லும்போது நாலு பேரும் நாலு மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: “உங்கள் வீட்டில் எப்படி அம்மா?”

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் அம்மா. பத்திரிகை ஆசிரியர் வீடாயிற்றே என்று கொட்டாவி வாசலோடு நின்றுவிடுவதில்லை.

அந்தக் கடிதம் கைப்பையில் இருக்கும்போதுதான் பொங்கல் விடுமுறைக்கு ஜவ்வாது மலைக்குப் போனோம். நான், என் வீட்டுக்காரர், ஏழாம் வகுப்பு மகன், நாலாம் வகுப்பு மகள், என் அம்மா. நாங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் என்பதால் பிள்ளைகளுக்கு அவர்கள் ஆச்சி. “அங்க என்ன இருக்கு?” என்று கேட்காத ஆள் இல்லை. ஊட்டி என்றால் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். ஜவ்வாது மலையில் பொம்மை ரயில் இல்லை, சாக்லேட் கடை வரிசை இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு அது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களுக்கு நடுவே விரிந்து கிடக்கிறது. செய்யாறு அங்கேதான் பிறக்கிறது. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மலை. அவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்ல. மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் அந்தப் பெயர்.

திருப்பத்தூர் வழியாகப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கேதான் கிறிஸ்துகுல ஆசிரமம் இருக்கிறது. 1921-ல் சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும், ஏர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது. அங்கே ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். துரை, ஐயா என்பதெல்லாம் கிடையாது. கதர் உடுத்தி, தரையில் உட்கார்ந்து, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, மணி அடித்தால் ஜெபத்துக்குக் கூடும் வாழ்க்கை. கதர் உடுத்திய அந்த வெள்ளைக்காரரை 1932-ல் சென்னையில் போலீஸ் தடியால் அடித்தது. லண்டன் நாடாளுமன்றம் வரை அந்தப் பேச்சு போனது. ஆசிரமத்து ஜெபாலயத்தைத் திராவிடக் கோயில் பாணியில் கோபுரத்தோடு கட்டியிருக்கிறார்கள். ரத்த உறவில்லாத இரண்டு பேர் அண்ணன் தம்பியாகி ஒரு குடும்பத்தையே உண்டாக்கினார்கள். நமக்கோ கர்த்தர் குடும்பத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டார். பத்து நிமிடம் சேர்ந்து உட்காருவதற்குள் நமக்கு மூச்சு வாங்குகிறது.

ஆலங்காயம் தாண்டி வண்டி மலையேறும்போது மகள் கேட்டாள்: “ஆகாயத்துப் பறவைகளைப் பாக்கச் சொல்லி இயேசப்பா சொன்னாருல்லாம்மா? நாம அத வாசிக்கத்தான செய்தோம்? எப்பம்மா பாத்தோம்?”

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தேயு ஆறாம் அதிகாரத்தை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன்! ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு குருவியை ஐந்து நிமிடம் தொடர்ந்து பார்த்த நினைவில்லை. ஆங்கிலத்தில் லில்லி என்று இருக்கும் பூவை நம் வேதாகமத்தில் காட்டுப் புஷ்பம் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். உன்னதப்பாட்டில் லீலிபுஷ்பம் என்றே விட்டவர்கள், இங்கே காட்டுப் புஷ்பம் என்றார்கள். எந்த வேலியோரத்திலும் கிடைக்கிற பூ. பூ கிடைக்கவில்லை என்று காரணம் காட்டிக்கூடத் தப்பிக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு பழைய குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில் கழுகைப் பற்றி எழுதினேன். நாற்பது வயதானதும் கழுகு மலையுச்சிக்குப் போய்த் தன் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளும், நகங்களையும் இறகுகளையும் பிடுங்கிப் போடும், ஐந்து மாதம் காத்திருந்து புதிதாய் எழும்பி இன்னும் முப்பது வருஷம் வாழும் என்ற கதை. நீங்களும் கன்வென்ஷன் பந்தலில் கேட்டிருப்பீர்கள், வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பீர்கள். விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் ஒரு தபால் அட்டை போட்டார். அலகை உடைத்துக்கொண்ட கழுகு பட்டினி கிடந்து சாகும், அவ்வளவுதான். சங்கீதக்காரன் கழுகைப் பற்றிப் பாடியதற்கு இந்தப் பொய் தேவையில்லை, என்று நாலே வரி. வெட்கமாக இருந்தது. பாடம் என்ன என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு, அதற்கு ஏற்ற பறவையைத் தேடினால் இப்படித்தான் ஆகும். கழுகை நான் பார்க்கவே இல்லை. கழுகின் மேல் என் பிரசங்கத்தை ஏற்றி அனுப்பினேன்.

அதனால் இந்தப் பயணத்தில் எனக்கு நானே ஒரு கட்டளை போட்டுக்கொண்டேன். எதைப் பார்த்தாலும் பிள்ளைகளிடம் உடனே, “இதிலிருந்து நாம் கற்பது என்னவென்றால்…” என்று தொடங்கக் கூடாது. சொன்னால் நம்பமாட்டீர்கள், முதல் நாள் இது உபவாசத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் தேநீர் குடிக்க நின்றோம். கடைக்கு எதிரே ஒரு வீட்டு வாசலில், வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். ஜவ்வாது மலையின் பயிர் சாமைதான். மழையை நம்பி விதைப்பது, மூன்று மாதச் சொச்சத்தில் கைக்கு வருவது, கல்லாங்காட்டிலும் பிழைத்துக்கொள்வது. முறத்தை அவர் தூக்கித் தட்டும்போது உமி ஒரு பக்கம் பறக்க, மணி மறுபக்கம் திரும்பி வந்து உட்கார்ந்தது. மகள் போய்ப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். அந்த அம்மா ஒரு சிட்டிகை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, “எண்ணிப் பாரு கண்ணு” என்றார். எண்ணத் தொடங்கி, நாற்பத்தேழில் ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான், எல்லாம் பறந்துவிட்டது. அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ஆயிரம் மணி சேர்ந்தாலும் இரண்டு மூன்று கிராம்தான் தேறும்; ஒரு வாய்ச் சோற்றுக்கு எத்தனை ஆயிரம் வேண்டும் என்று மகன் அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டான்.

ஆச்சி கேட்டார்கள்: “எத்தன தடவ குத்தணும்மா?”

“உமி போறவரைக்கும்தாம்மா. இப்ப மிஷின் வந்துடுச்சு. எங்க அம்மா காலத்துல உரல்தான், கை காச்சிப் போயிடும்.”

“விதைக்கு?”

“அதைத்தானே மொதல்ல எடுத்து வெக்கணும்? விதைக்கு எடுத்து வெச்சுட்டு மிச்சம்தான் சோத்துக்கு. பசி வந்தாலும் அந்தப் பானையில கை வெக்க மாட்டோம்.”

இந்த மலைக்கு அடிவாரத்தில்தான் செங்கம் இருக்கிறது. சங்க இலக்கியத்தின் செங்கண்மா அதுதான். அதை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மலையில் எழும் ஓசைகளையெல்லாம் வரிசையாகக் கேட்டுச் சொல்கிறது. அருவியின் ஓசை, யானையின் ஓசையோடு, தினை குத்தும் பெண்கள் பாடும் வள்ளைப்பாட்டும் அதில் உண்டு. அந்தக் காலத்தில் வந்த புலவருக்கு உலக்கைச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்கப் பொறுமை இருந்திருக்கிறது.

வண்டியில் ஏறியதும் ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்க அம்மா பிடியரிசி எடுப்பா” என்றார்கள். தெற்கே சபைகளில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு பானையில் போடுவார்கள். ஒவ்வொரு வேளையும். சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாகப் படைப்பார்கள். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் கோழியும் ஏலம் போவது எல்லோர் கண்ணிலும் படும். பிடியரிசி யார் கண்ணிலும் படாது. கையில் காசு புழங்காத பெண்கள், வீட்டில் யாரையும் கேட்காமல், தங்கள் கைப்பிடியால் ஊழியத்தைத் தாங்கிய வழி அது. ஆச்சியின் அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. கொடுப்பதைப் பற்றி ஒரு வசனத்தையும் பிள்ளைகளுக்கு அவர் விளக்கியதில்லை. அடுப்படியில் தினமும் மூன்று வேளை அந்தக் கை பானைக்குப் போய் வந்ததை ஆறு பிள்ளைகள் பார்த்தார்கள். ஆறு பேரும் கொடுக்கிறவர்களாக வளர்ந்தார்கள்.

நான் மாதம் பிறந்ததும் தசமபாகத்தை மொபைலில் அனுப்பிவிடுகிறேன். தப்பில்லை. கணக்கு சரியாக இருக்கிறது, ரசீதும் வருகிறது. ஆனால் என் பிள்ளைகள் அதைப் பார்த்ததே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை, அம்மா எப்போதும்போல் போனை நோண்டிக்கொண்டிருக்கிறாள்.

இனி காவலூர். வானியல் ஆய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் காட்டுக்கு மேலே தலைதூக்கி நிற்கிறது. வைணு பாப்பு என்ற வானியலறிஞர் நாடெல்லாம் தேடி, 1960-களில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம், நகரத்து வெளிச்சம் எட்டாத காடு. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977-ல் தெரியவந்தபோது, அதற்கான பதிவுகள் கிடைத்த இடங்களில் காவலூரும் ஒன்று. இன்று அங்கே இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்காக உழைத்த பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். இதைச் சொன்னதும் ஆச்சி, “மோசேயாவது மலைமேல ஏறி நின்னு பாத்தாரு” என்றார்கள்.

அன்று இரவு நாங்கள் தங்கியிருந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. ஆளுக்கொரு சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தோம். நல்ல பனி. அண்ணாந்து பார்த்த மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. சென்னையில் பிறந்த பிள்ளை, ஒரே நேரத்தில் இத்தனை நட்சத்திரங்களை அதற்கு முன் பார்த்ததில்லை.

நடு வானத்தில் ஒரு சின்னக் கொத்தாகக் கார்த்திகை மீன்கள். அதற்குக் கீழே, ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்களோடு, வெள்ளைக்காரர்கள் ஓரியன் என்று சொல்லும் கூட்டம். யோபுவின் புத்தகத்தில் இந்த இரண்டும் வருகின்றன. நம் முன்னோர்கள் அதை மொழிபெயர்க்கும்போது அறுமீன் என்றும் மிருகசீரிஷம் என்றும் நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். மகனை எண்ணச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று… ஆறு வந்தது. “ஆறுதாம்மா! அதான் அறுமீனா!” என்று அவன் போட்ட சத்தத்தில் எங்கோ ஒரு நாய் குரைத்தது.

அந்த இருட்டில் யோபுவை நினைத்துக்கொண்டே நின்றேன். பிள்ளைகளை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, ஏன் என்று கேட்ட மனிதனுக்குக் கர்த்தர் சொன்ன பதில் என்ன? அறுமீனைக் காட்டுகிறார். காக்கைக் குஞ்சைக் காட்டுகிறார். வரையாடு குட்டி போடுவதை, தீக்குருவி முட்டையை மண்ணில் விட்டுப்போவதை, காட்டுக்கழுதை ஊர்ச் சந்தடியைப் பார்த்துச் சிரிப்பதைக் காட்டுகிறார். நாலு அதிகாரம் முழுக்க இதுதான். ஒன்றுக்குக் கீழேயும், இதனால் நீ அறிந்துகொள்ள வேண்டியது யாதெனில் என்று ஒரு வரி கிடையாது. பார்த்தாயா, பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டே போகிறார். படைத்தவரே பாடம் எடுக்காமல் காட்டிவிட்டுப் போயிருக்க, நான் ஏன் எறும்பு ஊரும் வழியெல்லாம் மூன்று குறிப்புப் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தேன்?

அன்று இரவு குடும்ப ஜெபம் வாசலிலேயே நடந்தது. வேதம் வாசிக்க வெளிச்சமில்லை. ஆச்சி, ஆபிரகாமைக் கர்த்தர் கூடாரத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய் நட்சத்திரங்களை எண்ணச் சொன்ன கதையைச் சொன்னார்கள். மகன் ஜெபித்தான், இரண்டே வாக்கியம். யாரும் கொட்டாவி விடவில்லை. குளிரில் பல் தந்தியடித்தது என்பது வேறு.

மறுநாள் தேன் வாங்கினோம். மலைத்தேன் நிறம் இருண்டிருக்கும், முதலில் நாக்கில் ஒரு சின்னக் கசப்புத் தட்டும். ஒரு வேலைக்காரத் தேனீ ஆயுள் முழுக்கப் பறந்து சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் என்று எங்கோ படித்ததை வீட்டுக்காரர் சொன்னார். மகள் கரண்டியைப் பார்த்தாள். “அப்ப இது பன்னெண்டு தேனீயா?” அதிலிருந்து எங்கள் வீட்டில் தேன் பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவது நின்றுவிட்டது. தேனைக் கண்டால் போதுமான அளவு மட்டும் சாப்பிடு என்று சாலொமோனும் எழுதிவைத்திருக்கிறார். அதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அவளாக நீதிமொழிகளில் வாசிக்கும் நாளில் துள்ளிக் குதிப்பாள், அதற்காகவே பொத்தி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைவிட்டால் இந்தப் பக்கம் ஒரு சுற்றுலா விளம்பரமாகிவிடும். 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி இருபது தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் உண்டு. விதைப் பானையில் கை வைக்க மாட்டோம் என்று சொன்ன அதே மலை. சாமை விளையும், ஆனால் சாமை மட்டும் வருஷம் முழுவதும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றாது. அதனால் கூலிக்குக் கீழே இறங்குகிறார்கள். இறங்கியவர்கள் எல்லோரும் திரும்பி ஏறுவதில்லை. அவர்கள் மலையிலிருந்து நான் நட்சத்திரமும் தேனும் மனநிம்மதியும் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த வாசலில் சாமை புடைத்தவருக்கு வயலோரத்தில் விட்டுவைக்க என்னிடம் என்ன கதிர் இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன். லேவியராகமம் வயலோரத்தை அறுக்காமல் விடச் சொல்வது நிலக்காரர்களுக்கு மட்டும் எழுதியதல்ல. சாமை அரிசியைப் பேரம் பேசாமல் வாங்கினேன். அது போதாது என்று எனக்கே தெரியும்.

ஊருக்குத் திரும்பி ஏழு வாரம் ஆகிறது. நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். சனிக்கிழமை இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மொட்டைமாடியில் பத்து நிமிடம் உட்காருவது என்று தீர்மானித்தோம். மூன்று வாரம் நடந்தது. நாலாவது வாரம் கொசு ஜெயித்தது. ஐந்தாவது வாரம் எதிர்வீட்டுக்காரர் புதிதாக ஒரு எல்இடி விளக்குப் போட்டார். இப்போது விட்டுவிட்டுத்தான் நடக்கிறது. மிருகசீரிஷத்தின் மூன்று நட்சத்திரங்கள் மட்டும் இந்த வெளிச்சத்திலும் தெரிகின்றன; மகன் மேலே ஏறினால் முதலில் அதைத் தேடுகிறான்.

பிடியரிசி நிலைத்துவிட்டது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று அடுப்படித் திண்டில் இருக்கிறது. ஆச்சி இருக்கும் நாளில் ஆச்சி, இல்லாத நாளில் மகள். ஒரு பிடி என்பது அவள் கைக்கு முப்பது கிராம்கூட வராது. போன ஞாயிறு முதல் பாட்டில் நிறைந்து, கோயிலுக்குக் கொண்டுபோனோம். காணிக்கைத் தட்டு எடுத்து வந்தவர் பாட்டிலைப் பார்த்து ஒரு நிமிடம் விழித்தார். பின்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா ஆராதனை முடிந்ததும் வந்து, அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சொந்த ஊர் தெற்கே நாசரேத்தாம்.

ஜெபநேரத்துக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் சுற்றி வருகிறது. அன்றைக்குக் கண்ணால் பார்த்த ஓர் உயிரை, ஒரு பூவை, ஒரு மேகத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். அர்த்தம் எழுதக் கூடாது, அது சட்டம். “கேட்டின் மேல் அணில். வாலை மூன்று தடவை ஆட்டியது” என்பது மகள். “பஸ் ஸ்டாப் புங்கமரத்தில் புது இலை” என்பது என் வீட்டுக்காரர். பதினோரு வருஷமாக அந்த மரத்தடியில்தான் அவர் பஸ்ஸுக்கு நிற்கிறார். எழுதியதை வாசித்துவிட்டு அதற்காகவே ஸ்தோத்திரம் சொல்லி ஜெபிக்கிறோம். கொட்டாவி போய்விட்டதா என்று கேட்காதீர்கள். குறைந்திருக்கிறது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். மற்றவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு மாதம் பிள்ளைகள் எழுதிய வரிகளில் உங்களுக்குப் பிடித்த ஒன்றை, பிள்ளையின் பெயரும் வயதும் போட்டு, தபால் அட்டையில் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். வந்ததையெல்லாம் அடுத்த இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி அப்படியே அச்சிடுவோம், ஒரு எழுத்தும் திருத்தமாட்டோம். பெரியவர்களும் எழுதலாம். கழுகுக் கதை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்